‘இன்னும் கொஞ்சம் பாலிஷ் வேணும்’: இன்டர்ன்ஷிப் வாசலில் நிற்கும் சாதி

கோடை விடுமுறை முடிந்து கல்லூரி திறந்த வாரம். எங்கள் ஞாயிற்றுக்கிழமை வாசிப்பு வட்டத்துக்கு வரும் தங்கை ஒருத்தி, பிளாஸ்டிக் உறையில் போட்ட சான்றிதழ் ஒன்றை எடுத்து மேசையில் வைத்தாள். மயிலாப்பூரில் உள்ள ஒரு முதலீட்டு வங்கி நிறுவனத்தில் 8 வாரம் இன்டர்ன்ஷிப் முடித்ததற்கான சான்றிதழ். ‘கடும் உழைப்பாளி, நேர்மையானவர், நேரம் தவறாதவர்’ என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தார்கள். நல்லதாகத்தானே எழுதியிருக்கிறார்கள், ஏன் முகம் வாடிக் கிடக்கிறது என்று கேட்டோம்.

“எங்கம்மா வேலை செய்யற வீட்டுலயும் அவங்களைப் பத்தி இதேதான்க்கா சொல்லுவாங்க. நல்லா உழைப்பாங்க, கை சுத்தம், டைமுக்கு வந்துடுவாங்க.”

அன்றைக்குப் படிக்க எடுத்து வைத்திருந்த புத்தகத்தை நாங்கள் திறக்கவில்லை. இரண்டு மணி நேரம் அவள் பேசினாள், நாங்கள் கேட்டோம். அவள் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறோம். அவள் பெயரும் வேண்டாம், அந்த நிறுவனத்தின் பெயரும் வேண்டாம். ஒரு நிறுவனத்தைத் திட்டிவிட்டுப் போவதற்காக இதை எழுதவில்லை. வேலைவாய்ப்பில் சமூகநீதி என்று பேசும்போதெல்லாம், வேலை உத்தரவு கொடுக்கப்படும் இடத்தையே நாம் பார்த்துக்கொண்டிருக்கிறோம். அதற்கு முன்னால் ஒரு வாசல் இருக்கிறது. தனியார் துறையின் உயர் வேலைகளில் யார் உள்ளே, யார் வெளியே என்பது பல நேரங்களில் அந்த வாசலிலேயே முடிவாகிவிடுகிறது. அதைத்தான் இன்டர்ன்ஷிப் என்கிறார்கள். அதற்குச் சட்டமும் இல்லை, கணக்கும் இல்லை, கேள்வி கேட்க ஆளும் இல்லை.

அது என்ன வேலை?

முதலீட்டு வங்கி என்றதும் பாஸ்புக், டெபாசிட், நகைக்கடன் என்று நினைத்துவிடக் கூடாது. ஒரு நிறுவனம் முதன்முதலாகப் பொதுமக்களுக்குப் பங்கு விற்க வருகிறது. ஒரு நிறுவனம் இன்னொன்றை வாங்குகிறது. தொழிலை விரிவாக்கப் பெரும் பணம் திரட்டுகிறது. இப்படிப்பட்ட நேரங்களில் நடுவில் நின்று, மதிப்புப் போட்டு, ஆவணம் தயாரித்து, பணம் போடுபவரைத் தேடிக் கொண்டுவருவது இவர்கள் வேலை. பங்கு வெளியீட்டைக் கையாள வேண்டுமானால், 1992ஆம் ஆண்டு விதிகளின்படி ‘மெர்ச்சன்ட் பேங்கர்’ என்று செபியிடம் பதிவு செய்திருக்க வேண்டும். வரும் கட்டணம் பெரிது. அதனால் கொடுக்கும் சம்பளமும் பெரிது.

இந்தத் துறையில் படிப்பு முடித்தவுடன் நேராக விண்ணப்பம் போட்டு நுழைபவர்களைவிட, முந்தைய கோடையில் இன்டர்னாக இருந்தவர்களுக்கே வாய்ப்பு அதிகம். இரண்டு மாதம் வைத்துப் பார்த்து, பிடித்திருந்தால் படிப்பு முடியும் முன்பே வேலை உத்தரவு கொடுத்துவிடுவார்கள். ‘பி.பி.ஓ.’ என்று மாணவர்கள் சொல்வது அதைத்தான். ஆகவே இரண்டு மாதம் என்பது பயிற்சி மட்டுமல்ல. இரண்டு மாத நேர்முகத் தேர்வு.

எம்.காம். முதலாண்டு முடித்திருந்த இந்தத் தங்கை, 40க்கும் மேற்பட்ட நிறுவனங்களுக்கு மின்னஞ்சல் அனுப்பினாள். மூன்று பேர் பதில் போட்டார்கள். ஒருவர் வரச் சொன்னார். உள்ளே போன பிறகுதான் தெரிந்தது, அந்தக் கோடையில் சேர்ந்த 6 பேரில் மின்னஞ்சல் அனுப்பி வந்தவள் இவள் ஒருத்திதான். ஒருவனுடைய பெரியப்பா அந்த நிறுவனத்துக்குப் பழக்கமான ஆடிட்டர். இன்னொருத்தியின் அப்பாவும் அங்குள்ள இயக்குநரும் காலையில் நாகேஸ்வர ராவ் பூங்காவில் சேர்ந்து நடப்பவர்கள். மற்றவர்களுக்கும் இப்படி ஏதோ ஒரு நூல் இருந்தது. எந்த விளம்பரமும் வந்ததில்லை. எந்தத் தேர்வும் நடந்ததில்லை. அவர்கள் யாரும் குறுக்கு வழியில் வந்ததாக நினைக்கவில்லை. ஒரு வார்த்தை சொல்லி வைத்தார்கள், அவ்வளவுதான்.

பெரும்பாக்கத்திலிருந்து மயிலாப்பூருக்கு

அவள் பிறந்தது அடையாற்றின் கரையில், கோட்டூர்புரம் பக்கம். அங்கிருந்து அந்த அலுவலகத்துக்கு ஒரே பஸ், கால்மணி நேரம். 2015 வெள்ளத்துக்குப் பிறகு கரையோர மக்களைப் பெரும்பாக்கத்துக்குக் கொண்டுபோனபோது அவள் குடும்பமும் போனது. இப்போது 20 கிலோமீட்டருக்கு மேல் வர வேண்டும். அம்மா இன்னமும் பழைய வீடுகளில் வேலை செய்ய அடையாறுக்கே வருகிறார். அப்பா தி.நகர் ஜவுளிக்கடைகளுக்குச் சரக்கு ஏற்றும் குட்டியானை ஓட்டுகிறார். ஊரை விட்டு வெளியே அனுப்பப்பட்டவர்கள் ஊரின் வேலையைச் செய்ய மட்டும் தினமும் உள்ளே வருகிறார்கள்.

முதல் நாள் பேச்சில் அவளிடம் சாதியை யாரும் கேட்கவில்லை. இதை அழுத்திச் சொல்ல வேண்டும். “அப்பா என்ன பண்றார்மா?” என்று கேட்டார்கள். “எந்த ஏரியா?” என்று கேட்டார்கள். “எந்த ஸ்கூல்?” என்று கேட்டார்கள். வட இந்தியாவைப் போல நம் பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் இல்லை என்று தமிழ்நாட்டில் பெருமைப்படுகிறோம். அந்தப் பெருமைக்கு நியாயமும் உண்டு. ஆனால் பெயர் சொல்லாததை முகவரி சொல்லிவிடுகிறது. கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்ற பெயர்களை விண்ணப்பத்தில் எழுதத் தயங்கி, உறவினர் வீட்டு முகவரியை எழுதும் இளைஞர்களை நாங்கள் களத்தில் எத்தனையோ முறை பார்த்திருக்கிறோம்.

அந்த இன்டர்ன்ஷிப்புக்கு ஸ்டைபண்ட் கிடையாது. ‘அனுபவம்தான் சம்பளம்’ என்றார்கள். சொந்த லேப்டாப் கொண்டுவரச் சொன்னார்கள். அண்ணனுக்குப் பள்ளியில் கிடைத்த அரசு லேப்டாப்பை எடுத்துப் போனாள். பெரிய எக்ஸல் கோப்பைத் திறந்தால் அது நின்றுவிடும். மற்றவர்கள் மேசையில் இருந்த மெல்லிய லேப்டாப்களுக்கு நடுவில், தன் லேப்டாப்பின் மூடியில் இருந்த அரசு முத்திரையை மறைக்க ஒரு ஸ்டிக்கர் வாங்கி ஒட்டினாளாம். இதைச் சொல்லும்போதுதான் அவள் முதல்முறையாகச் சிரித்தாள்.

ரங்கநாதன் தெருவில் இரண்டு செட் ஃபார்மல் உடையும் ஒரு ஜோடி ஷூவும் வாங்கினாள். அதைவிடப் பெரிய செலவு ஒன்று உண்டு. அது எந்தப் பில்லிலும் வராது. ஒவ்வொரு கோடையிலும் அவள் தி.நகரில் ஒரு துணிக்கடையில் விற்பனைப் பெண்ணாக வேலை செய்வாள். அந்தப் பணம்தான் அடுத்த ஆண்டுக் கட்டணத்தில் ஒரு பங்கு. இந்த ஆண்டு அது வரவில்லை. வசதியான வீட்டுப் பிள்ளைக்குச் சம்பளமில்லாத இன்டர்ன்ஷிப் என்பது ஒரு கோடை விடுமுறை. கூலிக்காரர் வீட்டுப் பிள்ளைக்கு அது இரண்டு மாதச் சம்பளத்தைத் தன் கையிலிருந்து நிறுவனத்துக்குக் கொடுப்பது.

அலுவலகத்தின் சாப்பாட்டு அறையில் ‘சைவம் மட்டும்’ என்று பலகை எதுவும் இல்லை. ஆனால் ஒருநாள் டப்பாவைத் திறந்தபோது உள்ளே அவித்த முட்டை இருந்தது. பக்கத்தில் இருந்தவர் எதுவும் சொல்லாமல் எழுந்து ஜன்னலைத் திறந்துவிட்டார். அடுத்த நாளிலிருந்து அவள் தயிர்சாதம் மட்டும் கொண்டுபோனாள். எட்டு வாரத்தில் சாதி என்ற சொல்லை ஒருவரும் உச்சரிக்கவில்லை. உச்சரிக்கத் தேவையே வரவில்லை.

லட்சமும் கோடியும்

ஐந்தாவது வாரம். ஒரு வாடிக்கையாளர் சந்திப்புக்காக, ஒரே துறையில் இருக்கும் 8 நிறுவனங்களின் வருமானம், லாபம், கடன், சந்தை மதிப்பு ஆகியவற்றை ஒப்பிடும் அட்டவணை தயாராகியிருந்தது. அவர்கள் பேச்சில் ‘கம்ப்ஸ்’. எழுத்தின் அளவையும் கோடுகளின் நிறத்தையும் சரிபார்க்கும் வேலையை இவளிடம் கொடுத்தார்கள். இவள் எண்களையும் பார்த்தாள். ஒவ்வொரு நிறுவனத்தின் ஆண்டறிக்கையையும் திறந்து வைத்துக்கொண்டு ஒன்றொன்றாகச் சரிபார்த்தாள். ஒரு நிறுவனத்தின் கணக்கு லட்சத்தில் இருந்தது, மற்ற ஏழும் கோடியில். அப்படியே போயிருந்தால் அந்த நிறுவனம் இருப்பதைவிட 100 மடங்கு பெரிதாகக் காட்டப்பட்டிருக்கும். அதைக் கண்டுபிடித்தபோது இரவு மணி ஒன்பதரை.

மேலாளர் நிம்மதிப் பெருமூச்சு விட்டார். “நல்ல வேளை காப்பாத்துனம்மா” என்றார். அவர் கெட்ட மனிதர் இல்லை. அன்றைக்கு 11 மணிக்குத் தன் சொந்தக் காசில் கேப் போட்டுக் கொடுத்தார். பெரும்பாக்கம் என்று பார்த்ததும் இரண்டு ஓட்டுநர்கள் ரத்து செய்தார்கள். மூன்றாமவர் வந்தார். மறுநாள் சந்திப்புக்கு இரண்டு இன்டர்ன்களை அழைத்துப் போனார்கள். அந்த இருவரில் இவள் இல்லை. “நீ ஆபீஸ்லயே ஸ்டாண்ட்பைல இரும்மா, ஏதாவது டேட்டா வேணும்னா கூப்பிடறோம்” என்றார்கள்.

எட்டாவது வாரம் ஆளுக்குப் பத்து நிமிடம் மதிப்பீடு. இவளிடம் சொன்னது: “எக்ஸல்ல நீ சூப்பர். ஆனா கிளையன்ட் முன்னாடி உட்கார இன்னும் கொஞ்சம் பாலிஷ் வேணும்.” பி.பி.ஓ. இரண்டு பேருக்குக் கிடைத்தது. சந்திப்புக்குப் போனவர்கள்தான் அந்த இருவரும்.

லண்டனிலும் அதே சொல்

‘பாலிஷ்’ என்ற இந்தச் சொல்லை நாங்கள் முன்பே ஓர் அறிக்கையில் படித்திருந்தோம். 2016 செப்டம்பரில் பிரிட்டன் அரசின் சமூக முன்னேற்ற ஆணையம், முதலீட்டு வங்கிகளில் யார் சேர்க்கப்படுகிறார்கள் என்று ஆராய்ந்து வெளியிட்ட அறிக்கை அது. வேலைக்கு எடுப்பவர்கள் மதிப்பெண்ணை மட்டும் பார்க்கவில்லை. நடை, உடை, உச்சரிப்பு எல்லாம் சேர்ந்த ‘பாலிஷ்’ இருக்கிறதா என்று பார்த்தார்கள். கோட்டு சூட்டுக்குப் பழுப்பு நிற ஷூ போட்டு வந்தால் அதுவே ஒரு குறை. கறுப்பு ஷூதான் போட வேண்டும் என்பது எங்கும் எழுதப்படாத விதி. உழைக்கும் வர்க்கத்துப் பிள்ளைக்கு அதைச் சொல்லிக் கொடுக்க வீட்டில் ஆள் இல்லை. அமெரிக்காவில் லாரன் ரிவேரா என்ற சமூகவியலாளர் 2015இல் வெளியிட்ட ‘பெடிக்ரீ’ என்ற நூலும் இதையே காட்டுகிறது. முதலீட்டு வங்கிகளும் பெரிய சட்ட நிறுவனங்களும் ஆள் எடுக்கும்போது தங்களைப் போன்றவர்களையே தேடுகிறார்கள். அந்தத் தேடலுக்குத் தகுதி என்று பெயர் வைக்கிறார்கள்.

லண்டனில் வர்க்கம் செய்யும் வேலையை இங்கே வர்க்கமும் சாதியும் கைகோத்துச் செய்கின்றன. இதற்கு ஆதாரம் கேட்பவர்களுக்கு ஆய்வுகள் உண்டு. சுகதேவ் தோரட்டும் பால் அட்டவெல்லும் 2007இல் வெளியிட்ட ஆய்வு மாணவர்கள் அனைவரும் அறிந்திருக்க வேண்டிய ஒன்று. செய்தித்தாளில் வந்த 548 வேலை விளம்பரங்களுக்கு 4,808 விண்ணப்பங்கள் அனுப்பினார்கள். படிப்பும் அனுபவமும் ஒப்பானவை, பெயர் மட்டும் வேறு. உயர்சாதிப் பெயரோடு ஒப்பிட்டால் அழைப்பு வரும் வாய்ப்பு தலித் பெயருக்கு ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்காகவும், முஸ்லிம் பெயருக்கு மூன்றில் ஒரு பங்காகவும் இருந்தது. அதே ஆண்டில் சுரிந்தர் ஜோத்காவும் கேத்தரின் நியூமனும் பெரிய நிறுவனங்களின் எச்.ஆர். மேலாளர்களிடம் பேசி எழுதிய கட்டுரையும் வந்தது. நாங்கள் தகுதியை மட்டுமே பார்க்கிறோம் என்று அவர்கள் சொன்னார்கள். அதே மூச்சில் குடும்பப் பின்னணி கேட்பது மிக முக்கியம் என்றும் சொன்னார்கள். “அப்பா என்ன பண்றார்மா?” என்ற கேள்வி எங்கிருந்து வருகிறது என்பது புரிகிறதா?

வாசலில் இப்படி வடிகட்டினால் மாடியில் யார் இருப்பார்கள்? 2012இல் வெளிவந்த ஓர் ஆய்வு, இந்தியாவின் முன்னணி 1,000 நிறுவனங்களின் இயக்குநர் குழுக்களை எண்ணிப் பார்த்தது. 9,052 பேரில் 92.6 சதவீதம் முற்பட்ட சாதியினர். பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் சேர்ந்து 3.5 சதவீதம்.

மயிலாப்பூருக்கு ஒரு வங்கி வரலாறு உண்டு

1906 அக்டோபரில் சென்னையின் பெரிய ஆங்கிலேய நிறுவனமான ஆர்பத்நாட் திவாலானது. பல்லாயிரம் பேரின் சேமிப்பு போனது. அதன் தலைவர் ஜார்ஜ் ஆர்பத்நாட்டுக்குச் சிறைத்தண்டனை கிடைத்தது. அந்த வழக்கில் முன்நின்றவர் மயிலாப்பூர் வழக்கறிஞர் வி. கிருஷ்ணசாமி ஐயர். இந்தியர்களுக்கென்று ஒரு வங்கி வேண்டும் என்று அவர் முயன்றார், நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் முதல் போட்டார்கள். 1907 ஆகஸ்ட் 15இல் இந்தியன் வங்கி தொடங்கியது. சுதேசிப் பெருமை பேச இது நல்ல கதைதான். ஆனால் சென்னையில் பணத்தை ஆளும் தொழில், சட்டம் தெரிந்த ஒரு வட்டமும் முதல் வைத்திருந்த ஒரு வட்டமும் கைகுலுக்கிக்கொண்டு கட்டியது என்பதையும் அதே கதை சொல்கிறது. அந்தக் கைகுலுக்கலில் சேரிக்கு இடமில்லை.

1969இல் வங்கிகள் தேசியமயமானபோது இந்தியன் வங்கியும் அரசுடைமையானது. அதன் பிறகே வங்கி வேலைகளில் இடஒதுக்கீடு வந்தது. நம் குடும்பங்களில் வங்கி வேலைக்குப் போன முதல் பெரியப்பாவோ சித்தியோ பெரும்பாலும் அந்தக் கதவு வழியாக வந்தவர்கள்தான். ஆனால் 1991க்குப் பிறகு பணம் புதிய வீடுகளைக் கட்டிக்கொண்டது. பங்குச் சந்தை, நிதி ஆலோசனை, வென்ச்சர் கேப்பிடல் எல்லாம் இடஒதுக்கீட்டு எல்லைக்கு வெளியே வளர்ந்தன. நாம் ஒரு கதவைத் திறக்கப் போராடிக்கொண்டிருந்த நேரத்தில் கட்டடமே இடம் மாறிவிட்டது. அடையாறுக்குப் பக்கத்தில் இருக்கும் சென்னை ஐ.ஐ.டி.யை முன்வைத்து, சாதியின் சலுகை எப்படித் தனிமனிதத் தகுதியாக உருமாறுகிறது என்று அஜந்தா சுப்ரமணியன் 2019இல் ‘தி காஸ்ட் ஆஃப் மெரிட்’ என்ற நூலை எழுதினார். சமூகவியல் படிக்கும் மாணவர்கள் அதைத் தேடிப் படிக்க வேண்டும்.

முதலில் இந்த வாசலில் நின்றவர்

அண்ணல் அம்பேத்கர் கொலம்பியாவிலும் லண்டனிலும் பொருளாதாரம் படித்துவிட்டு 1917இல் பரோடா அரசுப் பணிக்குப் போனார். தங்க இடம் கிடைக்கவில்லை. ஒரு பார்சி விடுதியில் பார்சிப் பெயரில் தங்கினார். பதினோராம் நாள் தடிகளோடு வந்த கூட்டம் அவரை வெளியேற்றியது. அன்று ஒரு பூங்காவில் அமர்ந்திருந்ததை அவரே எழுதியிருக்கிறார். இவ்வளவும் நமக்குத் தெரியும். அதற்கடுத்து நடந்தது பலருக்குத் தெரியாது. பம்பாய் திரும்பிய அவர், பங்கு மற்றும் முதலீட்டு ஆலோசனை சொல்லும் சிறு நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார். ஆலோசனை சொல்பவர் தீண்டத்தகாதவர் என்று தெரிந்ததும் வாடிக்கையாளர்கள் வருவது நின்றது. நிறுவனத்தை மூட வேண்டியதாயிற்று.

1923இல் ‘ரூபாயின் பிரச்சினை’ என்ற நூலை எழுதப்போகும் மனிதரிடம், பம்பாய் வணிகர்கள் பங்குச்சந்தை ஆலோசனை கேட்க மறுத்தார்கள். அவருக்கு என்ன பாலிஷ் குறைவாக இருந்தது? கோட்டு சூட்டா, ஆங்கிலமா, பட்டமா?

நம் தோழர்களின் கேள்வி

இந்த விஷயத்தை விவாதத்துக்கு வைத்தபோது ஒரு தோழர் கேட்டார்: “முதலாளித்துவத்தின் உச்சாணிக் கிளை அது. அங்கே நம்ம பிள்ளைங்க எதுக்குப் போகணும்? நாம அதை எதிர்த்துத்தானே பேசறோம்?”

இது ஒதுக்கிவிட வேண்டிய கேள்வி அல்ல. அந்தத் துறை மனிதர்களைப் பிழிந்தெடுப்பது உண்மை. 2013 ஆகஸ்ட்டில் லண்டனில் பேங்க் ஆஃப் அமெரிக்கா மெரில் லிஞ்சில் கோடைக்கால இன்டர்னாக இருந்த 21 வயது ஜெர்மானிய மாணவர் ஒருவர் இறந்துபோனார். வலிப்பு நோயால் இறந்தார் என்றும், களைப்பு அதற்கு ஒரு காரணமாக இருந்திருக்கலாம், ஆனால் நிரூபணம் இல்லை என்றும் விசாரணை முடிந்தது. அதன் பிறகு 2015இல் கோல்ட்மேன் சாக்ஸ் தன் கோடை இன்டர்ன்களுக்கு ஒரு விதி போட்டது: நள்ளிரவுக்குள் அலுவலகத்தை விட்டுப் போய்விட வேண்டும், காலை 7 மணிக்கு முன் வரக் கூடாது. அப்படியும் ஒரு நாளில் 17 மணி நேரம் மிச்சம் இருக்கிறது! இதைச் சொர்க்கம் என்று நம் பிள்ளைகளுக்குக் காட்டுவது பொய்.

ஆனாலும் எங்கள் பதில் இதுதான். எந்தத் தொழிலில் பணம் எங்கே போகிறது, எந்த ஊரின் நிலம் எந்த நிறுவனத்தின் கணக்கில் சொத்தாக ஏறுகிறது என்பதை எழுதும் அறை அது. அந்த அறையில் நம்மவர் ஒருவரும் இல்லாதிருப்பது முதலாளித்துவத்தை ஒரு அங்குலமும் குறைக்காது. மேலும், எந்த வேலை உயர்ந்தது, எது தாழ்ந்தது, யாருக்கு எது பொருந்தும் என்று பிறர் முடிவுசெய்ததைத்தான் சாதி என்கிறோம். அதே முடிவை நாம் புரட்சியின் பெயரால் நம் பிள்ளைகள்மேல் போடக் கூடாது. இந்தத் தங்கைக்கு எண்கள் பிடிக்கும். அது போதும்.

ஃபிட்டருக்கு இருக்கும் சட்டம்

ஐ.டி.ஐ. படித்த ஒரு தம்பி தொழிற்சாலையில் ஃபிட்டராகவோ டர்னராகவோ அப்ரண்டிஸ் சேர்ந்தால், 1961ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டம் அவனுக்கு உண்டு. உதவித்தொகை உண்டு, வேலை நேரத்துக்கு வரம்பு உண்டு. 1973இல் சேர்க்கப்பட்ட 3ஏ பிரிவின்படி பயிற்சி இடங்களில் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் ஒதுக்கீடு உண்டு. தனியார் நிறுவனமும் அதற்குக் கட்டுப்பட்டது. ‘தனியார் துறையில் இடஒதுக்கீடு சாத்தியமே இல்லை’ என்று வாதாடுபவர்களிடம் இந்தப் பிரிவைக் காட்டுங்கள்.

இந்தத் தங்கை கோடைதோறும் நின்ற துணிக்கடையில்கூட ஒரு சட்டம் நுழைந்துவிட்டது. 2021இல் தமிழ்நாடு அரசு கடைப் பணியாளர்களுக்கு உட்காரும் உரிமையைச் சட்டமாக்கியது. எண்ணெய்க் கறை படியும் பயிற்சிக்குச் சட்டம் இருக்கிறது, துணி மடிக்கும் கைகளுக்குச் சட்டம் இருக்கிறது. ஏசி அறையில் நடக்கும் பயிற்சிக்கு மட்டும் ஏன் இல்லை? அங்கே பயிற்சி முடிந்தால் கிடைக்கும் நாற்காலி பெரிது என்பதைத் தவிர வேறு காரணம் எங்களுக்குத் தெரியவில்லை.

ஒன்றிய அரசு 2024 அக்டோபரில் பிரதமர் இன்டர்ன்ஷிப் திட்டத்தைத் தொடங்கியது. தொடங்கியபோது இருந்த விதிகளின்படி முன்னணி 500 நிறுவனங்களில் ஓராண்டுப் பயிற்சி, மாதம் 5,000 ரூபாய். 21 முதல் 24 வயது வரை உள்ளவர்களுக்கு. ஆனால் அந்த விதிகளின்படி முழுநேரமாகப் படித்துக்கொண்டிருந்தவர்கள் சேர முடியவில்லை. ஆகவே பி.பி.ஓ.வைத் தீர்மானிக்கும் கோடை இன்டர்ன்ஷிப்பை இது தொடவே இல்லை.

எனவே நாம் கேட்க வேண்டியவை நான்கு.

ஒன்று, சம்பளமில்லா இன்டர்ன்ஷிப்புக்குத் தடை வேண்டும். இன்டர்ன் இடங்கள் பொதுவில் அறிவிக்கப்பட வேண்டும். பூங்கா நடைப்பயிற்சியில் நிரப்பப்படக் கூடாது.

இரண்டு, 3ஏ பிரிவின் ஒதுக்கீடு இன்டர்ன்ஷிப்புகளுக்கும் நீட்டிக்கப்பட வேண்டும். அதுவரை அரசு தன் கையில் இருப்பதிலிருந்து தொடங்கலாம். இந்தியன் வங்கிக்கும் ஐ.ஓ.பி.க்கும் தலைமையகம் சென்னையில்தான். தமிழ்நாடு தொழில் முதலீட்டுக் கழகம் தி.நகரை ஒட்டி நந்தனத்திலேயே இருக்கிறது. இவற்றின் கருவூலப் பிரிவிலும் கடன் மதிப்பீட்டுப் பிரிவிலும் ஒவ்வொரு கோடையிலும் நம் மாணவர்களுக்கு உதவித்தொகையுடன் இடம் கொடுக்கப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை. 2022இல் தொடங்கிய ‘நான் முதல்வன்’ திட்டத்தோடு இதை இணைக்கலாம்.

மூன்று, கணக்கு. சந்தை மதிப்பில் முதல் 1,000 இடங்களில் உள்ள நிறுவனங்கள் 2022-23 முதல் ‘பி.ஆர்.எஸ்.ஆர்.’ என்ற அறிக்கையைக் கட்டாயம் வெளியிட வேண்டும் என்று செபி சொன்னது. அதில் ஊழியர்களில் ஆண் எத்தனை, பெண் எத்தனை, மாற்றுத்திறனாளிகள் எத்தனை என்று பத்திகள் உண்டு. சாதிக்குப் பத்தி இல்லை. ஒரு நிறுவனம் பங்கு வெளியிட வரும்போது அதன் உரிமையாளரின் மனைவி, பெற்றோர், உடன்பிறந்தார், பிள்ளைகள் வரை ‘புரமோட்டர் குழு’ என்று ஆவணத்தில் பட்டியல் போடுகிறார்கள். அந்தப் பட்டியலை டைப் செய்ததும் நம் தங்கைதான். முதலாளியின் குடும்பமரத்தைக் கேட்கும் சட்டத்தால் ஊழியர்களின் சமூகக் கணக்கைக் கேட்க முடியாதா?

நான்கு, நாம் செய்ய வேண்டியது. நியூயார்க்கில் எஸ்.இ.ஓ. என்ற அமைப்பு 1980 முதல் கறுப்பின மாணவர்களையும் பிற சிறுபான்மை மாணவர்களையும் வால் ஸ்ட்ரீட்டின் கோடை இன்டர்ன்ஷிப்புகளுக்குத் தயார்செய்து அனுப்பி வருகிறது. நம்மிடமும் வங்கிதோறும் எஸ்.சி., எஸ்.டி. ஊழியர் நலச் சங்கங்கள் உண்டு. ஆடிட்டர்கள், ஓய்வுபெற்ற மேலாளர்கள் உண்டு. ஏப்ரல் 14 அன்று மாலை போடுவதோடு ஒவ்வொரு சங்கமும் ஒரு கோடைக்கு 5 மாணவர்களின் பேருந்துச் செலவையும் லேப்டாப்பையும் ஏற்றுக்கொள்ளட்டும். அவர்களுக்காக ‘ஒரு வார்த்தை சொல்லி வைக்க’ நமக்கும் ஆட்கள் வேண்டும்.

தம்பி தங்கைகளுக்கு

இந்தத் துறைக்குப் போக நினைப்பவர்கள் யாருக்கும் காத்திருக்க வேண்டாம். பங்கு வெளியிட வரும் நிறுவனங்களின் வரைவு ஆவணங்கள் செபியின் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஆண்டறிக்கைகள் பங்குச்சந்தைகளின் தளங்களில் உண்டு. ஒரே ஒரு ஆவணத்தை எடுத்து முதல் பக்கத்திலிருந்து கடைசிவரை படித்துப் பாருங்கள். ஒரு மாதம் ஆகும், ஆகட்டும். என்.ஐ.எஸ்.எம். நடத்தும் மெர்ச்சன்ட் பேங்கிங் சான்றிதழ்த் தேர்வை யாருடைய பரிந்துரையும் இல்லாமல் எழுதலாம். “அப்பா என்ன பண்றார்?” என்று கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள். நடந்ததைத் தேதியோடு எழுதி வையுங்கள். தனியாக இருக்காதீர்கள். ஒரு இன்டர்ன் தனியாக அழுதால் அது அவளுடைய மனக்குறை. பத்து இன்டர்ன்கள் எழுதிக் கொடுத்தால் அது ஆதாரம்.

இந்தத் தங்கை துறையை விடவில்லை. அடுத்த சுற்று மின்னஞ்சல்களை அனுப்பத் தொடங்கிவிட்டாள். இம்முறை முகவரி இடத்தில் பெரும்பாக்கம் என்றே எழுதியிருக்கிறாள். எங்கள் வாசிப்பு வட்டத்தில் ஞாயிறுதோறும் கடைசி ஒரு மணி நேரம் இப்போது அவளுடைய எக்ஸல் வகுப்பு. இளங்கலை படிக்கும் 6 பேர் வருகிறார்கள். முதல் வகுப்பில் அவர்கள் முன் ஓர் அட்டவணையை வைத்தாள். 8 நிறுவனங்கள், அதில் ஒன்று மட்டும் லட்சத்தில். “எது தப்புன்னு கண்டுபிடிங்க” என்றாள்.

அந்த முத்திரையின் மேல் ஒட்டியிருந்த ஸ்டிக்கரை அன்றைக்கே கிழித்திருந்தாள்.

ஜெய் பீம்.